455 படத்துக்கு ஒரு புலி: காட்டு இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பும் தங்கச்சிக்கு

கேள்வி கேட்டிருக்கும் தங்கச்சி திண்டுக்கல் பக்கம், பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடிக்கிறார். வெளிநாட்டில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் கோவை அலுவலகத்தில் எட்டு வாரக் கோடை இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதாம். ஏப்ரல் கடைசியில் சேர வேண்டும், சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் களவேலை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். "என்ன வேலை தருவார்கள் அக்கா, என்ன படித்துவிட்டுப் போக வேண்டும், சம்பளம் கிடையாதாமே, வீட்டில் வேறு பயப்படுகிறார்கள், எம்.எஸ்சி. சேர இதெல்லாம் உதவுமா?" இவ்வளவும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

நான் இதே காட்டில் பதினோரு வருடத்துக்கு முன்னால் இன்டர்னாகப் போய், அப்புறம் இந்தத் தொழிலிலேயே தங்கிவிட்டவள். இப்போது ஒவ்வொரு கோடைக்கும் என்னிடம் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்தப் புலிப் படத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். 2018-இல் நடந்த தேசியப் புலிகள் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் தானியங்கி கேமரா வைத்தார்கள், கின்னஸ் சாதனையாகவே அது பதிவானது. மொத்தம் 3 கோடியே 48 லட்சம் படங்கள். அதில் புலி இருந்தவை 76,651. வகுத்துப் பாருங்கள், சுமார் 455 படத்துக்கு ஒரு புலி. மீதி எல்லாம் என்ன? புள்ளிமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி, முயல், மேய வந்த ஊர் மாடு, காற்றில் ஆடும் புல், கேமராவை முகர்ந்து பார்க்கும் கரடி மூக்கு, விறகு பொறுக்கப் போகும் பாட்டி. இந்த 454 படத்தையும் திறந்து பார்த்து, இன்ன விலங்கு, எத்தனை, இன்ன நேரம் என்று எக்செல்லில் போடுவதற்கு ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அந்த ஆள் நீங்கள்தான். இப்போது படங்களைத் தரம்பிரிக்க மென்பொருள் உதவுகிறது, ஆனால் கடமானையும் புள்ளிமான் பின்பக்கத்தையும் அது குழப்பிக்கொள்ளும்போது மனுஷக் கண்தான் பார்க்க வேண்டும். எட்டு வாரத்தில் நாலு வாரம் இப்படி அலுவலகத்தில் போகும் என்று நினைத்துக்கொண்டே வந்தால் ஏமாற்றம் இருக்காது. என்னிடம் வந்த ஒரு பையன் மூன்றாவது நாளே "இதுக்கு நான் ஐடி கம்பெனிக்கே போயிருப்பேனே அக்கா" என்றான். ஆறாவது வாரத்தில் அவனே ஒரு சிறுத்தையின் புள்ளிகளை வைத்து அது ஏற்கெனவே பதிவான பெண் சிறுத்தைதான் என்று கண்டுபிடித்துவிட்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் குதித்துக்கொண்டிருந்தான்.

இந்த வேலையில் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நானே கேவலப்பட்ட கதை ஒன்று உண்டு. கேமராவை ஜோடி ஜோடியாகத்தான் கட்டுவோம். வண்டித்தடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தில் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முழங்கால் உயரத்தில். ஏனென்றால் புலியின் வலது விலாவில் இருக்கும் கோடுகளும் இடது விலாவில் இருக்கும் கோடுகளும் ஒன்றாக இருக்காது, இரண்டு பக்கமும் கிடைத்தால்தான் அது தனிப்புலி என்று உறுதியாகச் சொல்ல முடியும். என் முதல் மாதத்தில் ஆறு கேமராவுக்கு பேட்டரி மாற்றும் வேலையை என்னிடம் விட்டார்கள். பேட்டரியைக் கழற்றிப் போட்டதும் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விட்டது, நான் திரும்ப நேரம் வைக்கும்போது காலை மாலையை மாற்றி வைத்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து கார்டை எடுத்துப் பார்த்தால், நள்ளிரவு ஒரு மணிக்குப் பளீரென்ற வெயிலில் புள்ளிமான் மேய்கிறது, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கருப்பு வெள்ளையில் முள்ளம்பன்றி போகிறது! இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுப்பதால் படம் கருப்பு வெள்ளையில் வரும், அதனால்தான் தப்பு தெரிந்தது. பன்னிரண்டு மணி நேரம் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள், தேதியும் சேர்ந்து தாவும், ஜோடியில் இருக்கும் இன்னொரு கேமராவோடு ஒவ்வொரு படத்தையும் ஒப்பிட வேண்டும். மூன்று நாள் ஆனது. என் மேலாளர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, கேமராவை ஆன் செய்ததும் ஒரு சிலேட்டில் இட எண், தேதி, என் கைக்கடிகார நேரம் மூன்றையும் சாக்பீஸால் எழுதி, அதை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கேமரா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு படம் எடுக்கவிட்டுத்தான் நகர்வேன். போலீஸ் ஸ்டேஷனில் எடுக்கிற படம் மாதிரி இருக்கும். எங்கள் அலுவலகத்தில் என்னுடைய அப்படிப்பட்ட படம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது.

அதே வகையில் இன்னொன்று, ஜிபிஎஸ். கருவியில் இடத்தைப் பாகை, நிமிடம் என்றும் காட்டும், தசமத்திலும் காட்டும். 11 பாகை 40 நிமிடம் என்பதை நோட்டில் 11.40 என்று எழுதிவிடுவார்கள் நம் பிள்ளைகள். 40 நிமிடம் என்றால் அறுபதில் நாற்பது, அதாவது 11.667. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் உங்கள் புலி 30 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, சத்தியமங்கலம் காட்டிலுள்ள ஆசனூர் மலையை விட்டுச் சமவெளியில் யாரோ ஒருவர் வாழைத்தோப்பில் வந்து நிற்கும். கிளம்பும் முன் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டீர்களே, இதைத்தான் படிக்க வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், மடிக்கணினியில் இறக்கி உங்கள் கல்லூரியையும் வீட்டையும் புள்ளி வைத்துப் பாருங்கள். எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போடத் தெரிந்தால் முதல் வாரத்திலேயே உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பறவை பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் தினமும் காலையில் கால் மணி நேரம் மொட்டைமாடியில் நின்று பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்டுப் பழகுங்கள், நோட்டு எழுதும் ஒழுங்கு தானாக வரும். புலி பற்றிய தடிப் புத்தகங்கள் எல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

"சர்வதேச" என்ற வார்த்தைக்குக் கொஞ்சம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அது மூன்று தடவை வந்திருக்கிறது. உதாரணத்துக்கு டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1961-இல் தொடங்கியது, தலைமையகம் சுவிட்சர்லாந்தில், ஆனால் இந்தியாவில் அது 1969 முதல் தனி அறக்கட்டளை. மற்ற பெரிய அமைப்புகளும் பெரும்பாலும் இப்படி இந்தியாவில் தனியாகப் பதிவு செய்துகொண்டுதான் இயங்குகின்றன. ஆக நீங்கள் சேர்வது ஒரு இந்திய நிறுவனத்தில்தான். அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், மாதம் ஒருமுறை டெல்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது வீடியோவில் வருவார்கள், அவ்வளவுதான் சர்வதேசம். ஆங்கிலம் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். அதைவிட அவசரம் கன்னடம்! தாளவாடிப் பக்கம் ஊருக்குள் போனால் பாதிப்பேர் கன்னடத்தில்தான் பேசுவார்கள். "ஆனெ எல்லி?" (யானை எங்கே?) என்று கேட்கத் தெரிந்தாலே டீக்கடையில் பெஞ்சில் இடம் தருவார்கள்.

பணம். பல இடங்களில் இன்டர்னுக்கு ஊதியம் கிடையாது, சில இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் மட்டும், சில இடங்களில் சின்னதாக ஒரு தொகை. இது எனக்குப் பிடிக்காத விஷயம், அலுவலகத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் காட்டுக்கு வரும்படி ஆகிவிடுகிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் திருத்தம் வந்து, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அது போக வரும் பணம் ஒவ்வொன்றும் இன்ன வேலைக்கு என்று பெயர் எழுதியேதான் வருகிறது, அதில் இன்டர்ன் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. காரணம் எதுவாக இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். தங்குவதற்கு யார் பொறுப்பு, சாப்பாடு யார், கோவையிலிருந்து ஆசனூர் போய்வரும் பஸ் காசு யார், விபத்துக் காப்பீடு உண்டா. நாலும் மின்னஞ்சலில் எழுத்தாக வரட்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், நான் கேட்காமல் போய் இரண்டு மாதம் அப்பாவிடம் பணம் வாங்கித் தின்றேன்.

அடுத்து அனுமதி. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகள்படி சரணாலயத்துக்குள் யாரும் நினைத்தபடி நுழைய முடியாது, ஆய்வுக்கு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அமைப்புக்கு அனுமதி இருக்கும். அந்தத் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு அமைப்பில் எட்டு வாரத்துக்கு வந்து, பெயர் சேர்க்கும் கடிதம் போகவில்லை என்பதால் ஐந்து வாரம் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போதே மின்னஞ்சல் போடுங்கள், "கள அனுமதியில் என் பெயர் சேர்க்கக் கல்லூரிக் கடிதம், ஆதார் நகல், புகைப்படம் எதுவும் தேவையா?" என்று. கல்லூரியில் தடையில்லாச் சான்று வாங்குவதற்கும் தேர்வு முடிந்து எல்லோரும் விடுமுறையில் போவதற்குள் அலைந்துவிடுங்கள்.

சரி, காட்டுக்கு வருவோம். சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகமானது, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. நீங்கள் போவது நல்ல நேரம், மே மாதம். கடந்த சில ஆண்டுகளாகத் தென் மாநிலங்களில் ஒருங்கிணைந்த யானைக் கணக்கெடுப்பு மே மாதத்தில்தான் நடக்கிறது, வனத்துறையோடு தன்னார்வலர்களும் போவார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் 2,961, 2024-இல் 3,063, 2025-இல் 3,170 என்று வந்தது. உங்கள் எட்டு வாரத்துக்குள் இது வந்தால் எப்படியாவது பெயர் கொடுத்துவிடுங்கள். மூன்று நாள் வேலை. முதல் நாள் ஒரு குறிப்பிட்ட பகுதி முழுக்க நடந்து நேரில் பார்த்த யானைகளை எண்ணுவது. இரண்டாம் நாள் நேர்கோட்டில் நடந்து லத்தி, அதாவது யானைச் சாணம், எண்ணுவது. மூன்றாம் நாள் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை தண்ணீர்க் குட்டை ஓரம் உட்கார்ந்து, வரும் யானைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எழுதுவது. ஊரில் எல்லோருக்கும் மூன்றாம் நாள்தான் பிடிக்கும். எனக்கு இரண்டாம் நாள்.

லத்தியை எண்ணி யானையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என் அம்மா இன்னும் கேட்கிறார். ஒரு யானை நாளைக்குச் சுமார் 16 தடவை லத்தி போடும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. போட்ட லத்தி எத்தனை நாளில் மக்கி மறையும் என்பதற்கும் அந்தந்தக் காட்டில் பார்த்து வைத்த கணக்கு உண்டு. இந்த இரண்டும் தெரிந்தால், இப்போது தரையில் கிடப்பது எத்தனை என்பதிலிருந்து எத்தனை யானை என்று பின்னோக்கிப் போகலாம். அதற்குத்தான் நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு லத்திக்கும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளப்போம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு லத்தியைப் படிக்க வந்துவிடும். மேலே ஈரம் மினுங்கிக்கொண்டு வண்டு மொய்த்தால் இன்று காலை. வெளியே காய்ந்து உள்ளே குச்சியை விட்டால் பச்சை தெரிந்தால் ஓரிரு நாள். உருண்டை உடைந்து நார் நாராகப் பரவியிருந்தால் பழசு. அதில் பலாக்கொட்டையோ கரும்புச் சக்கையோ இருந்தால் ராத்திரி யார் தோட்டத்துக்குப் போய்வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

என்னோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன், காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், காலில் சாதாரண ரப்பர் செருப்பு. நான் குனிந்து டேப்பை நீட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் பின்னால் வந்து என் பையைப் பிடித்து இழுத்தார். "பாப்பா, எந்திரிக்காத" என்றார், அவ்வளவு மெதுவாக. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அவர் மண்ணைக் கிள்ளி விரலிடுக்கில் விட்டார், தூசி எங்கள் முகத்துக்கு நேராக வந்தது. காற்று எதிரே இருந்து வருகிறது, நம் வாசம் அதற்குப் போகாது என்று அர்த்தம். அப்புறம்தான் எனக்கு அந்த வாசம் வந்தது, மாட்டுத்தொழுவமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. முப்பது அடி தள்ளி உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் ஒரு காது ஆடியது. இருபது நிமிடம் குத்தவைத்த நிலையிலேயே இருந்தோம். அது போன பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த லத்திய எழுதுனியா?"

அதனால் பாதுகாப்புக்கு நான் சொல்லும் ஒரே விதி இதுதான், அண்ணன் நில் என்றால் நில்லுங்கள், ஓடு என்றால் ஏன் என்று கேட்காமல் ஓடுங்கள். அவர் முன்னால், நீங்கள் பின்னால். காதில் இயர்போன் கூடாது. சென்ட், வாசனை பவுடர் வேண்டாம். மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் முழுக்கை சட்டை போதும், ராணுவத்துப் பூப்போட்ட உடை வாங்கிவிடாதீர்கள், செக்போஸ்ட்டிலேயே பிரச்சினை. இன்னொரு விஷயம், வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் தினக்கூலி மாதிரிச் சம்பளத்தில் வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்கள். நம் அறிக்கை ஆங்கிலத்தில் வெளிநாடு போகும், அதில் பாதி அறிவு அவர்களுடையது. நன்றி சொல்லும் பக்கத்தில் "வனத்துறைப் பணியாளர்கள்" என்று மொத்தமாகப் போடாமல், அவர்கள் சம்மதித்தால் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

புலியோ யானையோ அல்ல, என்னை உண்மையிலேயே படுக்கவைத்தது உண்ணிதான். கோடைக் காய்ந்த காட்டில் புல்லில் கடுகு அளவில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் விடுங்கள், திரும்பியதும் உடையை வெந்நீரில் போட்டுவிட்டு, இடுப்பு, அக்குள், முழங்கால் பின்புறம் எல்லாம் தடவிப் பார்த்துக் குளியுங்கள். இந்தப் பக்கக் காடுகளில் குரங்குக் காய்ச்சல் உண்டு, 1957-இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, உண்ணி வழியாகத்தான் பரவும். குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "காட்டில் இருந்தேன், உண்ணி கடித்தது" என்று நீங்களாகச் சொல்லுங்கள், திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது. சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு உடம்பில் எங்காவது இருந்தால் அதையும் காட்டுங்கள், அது ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் மாத்திரையிலேயே சரியாகும்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். காட்டுக்குள் கழிப்பறை கிடையாது. அந்த நாளில் அலுவலக வேலை எடுத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லலாம், போக முடியும் என்றால் போகலாம், இரண்டுமே தப்பில்லை. பயன்படுத்திய நாப்கினைக் காட்டில் போடாமல் கட்டித் திரும்பக் கொண்டுவர ஒரு ஜிப் பை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பயப்படுவது யானைக்காக மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பயிற்சிக்கு வந்தவருக்கும் பொருந்தும், வேலைக்காகப் போகும் ஜீப்பும் முகாமும் கூட அதன் கண்ணில் பணியிடம்தான். சேர்ந்த அன்றே இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு எண்ணைச் சேமித்துவிடுங்கள். முகாமில் தங்கும் அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வேறு பெண் யாராவது தங்குகிறார்களா என்று முன்னாலேயே கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடமென்றால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நானாக இருந்தால் போக மாட்டேன்.

கிராமத்து வேலையும் ஒன்று வரும். யானை புகுந்த தோட்டத்துக்குப் போய் என்ன பயிர், எவ்வளவு போச்சு, இழப்பீடு கேட்டார்களா என்று படிவம் நிரப்புவது. காலையில்தான் ஒரு ஏக்கர் மக்காச்சோளமோ வாழையோ மிதிபட்டிருக்கும், அந்த மனுஷனிடம் போய் நீங்கள் பேனாவை எடுத்து "உங்கள் வயது?" என்று ஆரம்பிப்பீர்கள். "யானையைக் கொண்டுபோய் உங்க ஆபீஸ்ல கட்டிக்குங்க" என்று என்னை ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? யானை வழித்தடம், பல்லுயிர் என்றெல்லாம் அங்கே வகுப்பு எடுக்காதீர்கள். படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு முதலில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், அவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், வெளியே வந்து நிரப்பிக்கொள்ளலாம். இழப்பீட்டுக்கு யாரிடம் எந்தத் தாள் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு சொன்னால் அதுவே அவருக்குப் பெரிய உதவி. வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடுத்த வருடம் அந்த ஊருக்கு வரப்போவது நான்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். பாறு கழுகுக் கூடு, கேமரா இருக்கும் மரம், புலிக் காலடித்தடம், எதையும் இடத்தோடு இன்ஸ்டாவில் போடக்கூடாது, படத்துக்குள் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பார்ப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. மனிதர்கள் விழும் கேமராப் படங்கள் அதைவிட முக்கியம். விறகுக்குப் போன அக்கா, ஒதுங்க வந்த ஆள், இவர்களுக்குத் தாங்கள் படத்தில் விழுந்ததே தெரியாது. அதை ஒரு சிரிப்பு எமோஜி போட்டு நண்பர்கள் குழுவில் தட்டிவிட்டால் அந்த ஊரில் அமைப்பின் இருபது வருட வேலை போய்விடும்.

எம்.எஸ்சி.க்கு உதவுமா என்றால், உதவும், ஆனால் சான்றிதழ் உதவாது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்), நம் பக்கம் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரி, ஊட்டி அரசுக் கலைக்கல்லூரி, இங்கெல்லாம் வனவிலங்கு சார்ந்த முதுகலைப் படிப்பு இருக்கிறது. நேர்முகத்தில் "என்ன செய்தாய்" என்றுதான் கேட்பார்கள். "புலிப் பாதுகாப்பில் பணியாற்றினேன்" என்ற பதிலுக்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். "12 கேமரா ஜோடிகளின் படங்களைப் பிரித்தேன், கடமான் எந்நேரம் தண்ணீருக்கு வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டேன், மூன்று இடத்தில் என் கணக்கு தப்பானது, காரணம் இது" என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதனால் இரண்டாம் வாரத்துக்குள் உங்கள் மேலாளரிடம் போய், இருக்கும் தரவில் சின்னதாக ஒரு கேள்வியை எனக்கென்று கொடுங்கள் என்று கேளுங்கள். முடிவில் அது எட்டுப் பக்க அறிக்கையாக இருந்தால் போதும். பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவருக்கும் எழுத ஏதாவது கிடைக்கும். தரவு அமைப்புக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் கல்லூரி புராஜெக்டில் போட முடியாது, அதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் மாதிரி ஆர்வமாக வருபவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். இரண்டு கிலோமீட்டர் நடந்து ஒரு விலங்கும் கண்ணில் படாவிட்டால் தாளை வெறுமையாகக் கொடுக்க வெட்கப்பட்டு, தூரத்தில் ஏதோ ஓடிய மாதிரி இருந்தது என்று ஒரு புள்ளிமானை எழுதிவிடுவார்கள். வெறும் தாளும் தரவுதான். தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை போட்டு "எதுவும் தென்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பூஜ்யம் இல்லாமல் காட்டில் மான் குறைந்ததை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது: ஆசனூருக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் பஸ் நேரத்தை நம்பி ராத்திரி கிளம்பிவராதீர்கள் என்று சொல்லுங்கள். முகாமில் பல இடத்தில் சிக்னல் வராது. எந்த நாள் போன் பண்ணுவேன் என்பதைவிட எந்தெந்த நாள் பண்ண மாட்டேன் என்பதை முன்னாலேயே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். நான் அதைச் சொல்லாமல் நாலு நாள் காட்டுக்குள் போய்விட்டேன், ஐந்தாம் நாள் வெளியே வந்து பார்த்தால் ஆசனூர் செக்போஸ்ட்டில் அப்பா நின்றுகொண்டிருக்கிறார், ஒரு கையில் என் போட்டோ, இன்னொரு கையில் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா, அதில் பாதியைக் காவலர்கள் ஏற்கெனவே தீர்த்திருந்தார்கள்.